விறகுக்கட்டின் மேல் போட்ட பழி

விறகு பொறுக்குவோர் என்று எழுதியிருக்கிறது. இலங்கையின் உயர்மலைக் காடுகளில் மட்டும் வாழும் ஒரு சின்னக் குருவிக்கு யாரால் ஆபத்து என்று கணக்கெடுத்தவர்கள், பயிர்ச்செய்கை, மரவெட்டு, பூச்சிமருந்து என்று சொல்லிக்கொண்டே வந்து இடையில் விறகையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுபோனது. அந்த விறகுக்காரி எனக்குத் தெரியாதவள் இல்லை. என் அம்மாயி. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் கவிழ்த்துவிட்டு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பு, அந்த மிலாறு கிடைக்காத மாதங்களில் காட்டோரம் ஏறிக் காய்ந்த கொப்பு ஒரு கட்டுச் சுமந்து வந்தவள்.

நீங்கள் பொய் எழுதவில்லை, ஐயாமாரே. அம்மாயி போனாள். அம்மா போனாள். இன்றைக்கு என் அண்ணியும் போகிறாள். காட்டு விளிம்பில் நித்தம் கை வைத்தால் அடிச்செடி மெலிந்துபோகும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு உண்மையை மட்டும் பிடுங்கி எடுத்து எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் நிற்கவேண்டிய நூற்றெண்பது வருசத்து உண்மையை எழுதாமல் விட்டீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்தக் குருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி. விஞ்ஞானப் பெயர் எலாஃப்ரோர்னிஸ் பாலிசெரி. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். கூடப்பிறந்த இனம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. பதினாறு சென்ரிமீற்றர் நீளம். முதுகு கரும்பழுப்பு, அடிப்பக்கம் சாம்பல். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய கண். இறகு இருந்தும் அதிகம் பறக்காது. நெலுப் புதருக்கும் குட்டை மூங்கிலுக்கும் அடியில், நிலத்தோடு நிலமாகப் பூச்சி பொறுக்கித் திரியும். அதன் குரலைக் கேட்டவர்கள் உண்டு, ஆளைக் கண்டவர்கள் குறைவு. அதற்கு மரம் மட்டும் போதாது. மரத்தின் காலடியில் மனிதன் நுழைய முடியாத இருட்டு வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது "அச்சுறுத்தலை அண்மித்த இனம்".

இந்தக் குருவியை 1851ல் முதன்முதலாக விவரித்து எழுதியவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து நூதனசாலையின் பொறுப்பாளர். அவர் அங்கே உட்கார்ந்து அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே வருசங்களில் இங்கே கண்டியைச் சுற்றி என்ன நடந்தது? 1824ல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பி, மலைமலையாகப் பரவிக்கொண்டிருந்தது. 1840ல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது: உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனையும் முடிக்குச் சொந்தம். கண்டிக் கிராமத்தவன் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த இடத்துக்கு உறுதிக்கு எங்கே போவான்? அப்படிப் பறித்த காட்டை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்: ஆளுநர், நீதிபதி, படைத் தளபதி, அரசாங்க உத்தியோகத்தர். சட்டம் போட்டவர்களே கடைக்காரர், அவர்களே வாடிக்கையாளர்.

காட்டை வெட்டிய விதமும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மலையின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு மரத்திலும் பாதி வெட்டு. உச்சியில் நிற்கும் பெரிய மரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை விழுந்து கீழுள்ளதைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, முழு மலைச்சரிவும் ஒரே இரைச்சலோடு படுத்துவிடும். பிறகு வெயிலில் காயவிட்டு நெருப்பு. நெலுவும் மூங்கிலும் குருவிக் கூடும் எல்லாம் சேர்ந்துதான் எரிந்தன. அந்த வெட்டு வேலையைப் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர்கள் சிங்களக் கிராமத்தார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் காட்டைப் பறிகொடுத்தவர்கள், அதையே கூலிக்கு வெட்டிக் கொடுத்தார்கள். 1848ல் அவர்கள் குமுறியபோது தலைமை தாங்கியவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டி போகம்பரையில் சுட்டுக் கொன்றார்கள்.

எரிந்த சாம்பலில் கோப்பிக் கன்று ஊன்ற ஆள் வேண்டும். அங்கேதான் நாங்கள் வருகிறோம். மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துப் பஞ்சத்திலிருந்து கங்காணிமார் கூட்டிவந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள். புதைக்க நேரமில்லாமல் விட்டுப்போன பிணங்களும் உண்டு. 2023ல், இருநூறு வருச நினைவாக, எங்கள் ஆட்கள் அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். இப்படி வந்தவனைப் பார்த்துத்தான் "காட்டை அழிக்க வந்தவன்" என்கிறார்கள். யாழ்ப்பாணத்து, கொழும்புத் தமிழன் வாயில் வேறு பெயர்: தோட்டக்காட்டான். காட்டை அழித்தவனும் நாங்களே, காட்டானும் நாங்களே. எது வசதியோ அது.

1870களில் இந்த மலைகளில் கோப்பி இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் நின்றது. 1869லேயே இலைத்துரு நோய் வந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருசத்தில் துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். இவ்வளவு காடும் ஒரு பூஞ்சணத்துக்குத் தீனியாகத்தான் வெட்டப்பட்டது என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. குருவியின் வீட்டை எரித்து ஊன்றிய செடி, எரித்தவனுக்கே ஐம்பது வருசம் நிலைக்கவில்லை.

அதற்குப் பிறகு தேயிலை. கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் 1867ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டார். 2017ல் அதற்கு நூற்றைம்பதாம் ஆண்டு விழா எடுத்தார்கள். கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறினால் தேயிலை நூதனசாலை இருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கட்டடம். லூல்கந்துரையின் பழைய சாமான்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. மேல்மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு மலையைப் பார்க்கலாம். பார்த்திருக்கிறேன். எதிரே தெரிவது தேயிலை, மானாப்புல், பைனஸ் மரம். பைனஸுக்கு அடியில் ஊசியிலை மெத்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சரிவில் இந்தக் குருவிக்கு ஒரு புதர் மிச்சமில்லை. டெய்லருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை உண்டு, பெயர் பொறித்து. அவர் செத்தபோது உடலைத் தோளில் சுமந்து கண்டிவரை கொண்டுவந்தவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவனுடைய கல்லறையைக் காட்டுங்கள் பார்க்கலாம். தேயிலைத் தூரில் புதைத்து, அடுத்த வருசமே அதன் மேல் கொழுந்து எடுத்த சனம் இது.

காட்டை விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் கண்ணாடிப் பெட்டி. கொப்பு பொறுக்கியவளுக்கு எதிரிப் பட்டியல். எந்த ஊர் நியாயம் இது?

மிச்சக் காடு எப்படித் தப்பியது என்பதையும் சொல்லவேண்டும். 1873ல் இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை இனி வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. குருவியின் மேல் இரக்கப்பட்டு வந்த உத்தரவு அல்ல. ஆற்றுக்கும் மழைக்கும் பயந்து வந்தது. அதற்கு முன் விற்றது விற்றதுதான். அந்தக் கோடுதான் இன்றைக்குவரைக்கும் இந்தக் குருவியின் உயிர்க்கோடு. ஹோட்டன் சமவெளி, ஹக்கலை, பிதுருதலாகலை, சிவனொளிபாதமலைக் காடு என்று அது இன்று வாழும் இடங்களையெல்லாம் பாருங்கள், உச்சிகள். கண்டி நகரம் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. நகரத்தை ஒட்டிய உடவத்தைக்கெலே காட்டில் போய் இதைத் தேடுவதில் பிரயோசனமில்லை. ஹந்தானை மலைத்தொடர் அந்த 5,000 அடிக் கோட்டைத் தொடாமலே முடிந்துவிடுகிறது; ஆகவே அதைக் காக்க ஒரு உத்தரவும் வரவில்லை. நகரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் மடக்கிய முஷ்டி மாதிரித் தெரியும் நக்கில்ஸ் மலையின் முடிதான் எங்கள் பக்கத்தில் குருவிக்கு எஞ்சியது. 2000ஆம் ஆண்டில் அது பேணற்காடு ஆனது. 2010ல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் ஒரு பங்காயிற்று.

அந்த முடியிலாவது விட்டார்களா? ரங்கலை, மடுல்கலை, பன்வில பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நக்கில்ஸ் காட்டுக்குள் வெகுகாலம் ஏலம் போட்டார்கள். அரசாங்கமே குத்தகைக்குக் கொடுத்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஆகவே பெரிய மரத்தை விட்டுவிடுவார்கள். அடியில் உள்ள புதரை, நெலுவை, மரக்கன்றை அத்தனையும் சிரைத்துவிட்டு ஏலத்தை ஊன்றுவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது முழுக்காடு. உள்ளே குனிந்து பார்த்தால் குருவி வாழும் அந்த இருட்டே இல்லை. கூரையை வைத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொண்டு போன மாதிரி. பறித்த ஏலத்தை உலர்த்தும் சூளைக்கு விறகும் அந்தக் காட்டு மரம்தான். பிறகு தடை வந்தது, குத்தகையை நிறுத்தினார்கள். ஆனாலும் மனிதன் நட்ட ஏலம் தன் பாட்டுக்கு அங்கே முளைத்துக்கொண்டுதான் நிற்கிறது. இந்த ஏலக் கதைக்கு ஒரு புத்தகமே எழுதலாம். இலாபத்தை எண்ணியவர்கள் கண்டியிலும் மாத்தளையிலும் கடைத்தெருவில் இருந்தார்கள், அட்டை கடிக்கக் காட்டுக்குள் கிடந்தவர்கள் கூலிக்காரர்.

இப்போது விறகுக்கு வருகிறேன். தேயிலைத் தொழிற்சாலை எதில் ஓடுகிறது தெரியுமா? கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் சூடு வேண்டும். இலங்கையின் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டை விறகிலிருந்துதான் எடுக்கின்றன. லொறி லொறியாக வந்து இறங்கும். தொழிற்சாலையின் பக்கத்தில் வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். வெளிநாட்டுக் கோப்பையில் ஆவி பறக்கும் ஒவ்வொரு தேநீருக்குள்ளும் ஒரு மரத்துண்டு எரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் எரிசக்தி. அம்மாயி தலையில் சுமந்ததற்குப் பெயர் அச்சுறுத்தல்.

அவள் ஏன் சுமந்தாள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று தெருவில் நின்று, கறுப்புச் சட்டை போட்டு, வருசக்கணக்காகக் கத்தியபின் 2021ல்தான் அது வர்த்தமானியில் வந்தது. வந்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. அடுத்த வருசம் ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாய். ஐந்து நாள் கொழுந்து எடுத்தால் ஒரு சிலிண்டர். அதுவும் நிறை சரியாக வந்து முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், கிடைத்தால். அந்த ஐந்து நாளும் பிள்ளைகள் என்னத்தைத் தின்னும்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், புகை போக வழியில்லாத அடுப்பில், ஈர விறகை ஊதி ஊதியே அம்மாயிக்கு நெஞ்சு போனது. காட்டுக்கு அவள் செய்த சேதத்தைவிட விறகு அவளுக்குச் செய்த சேதம் அதிகம்.

பூச்சிமருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சரிதான். புழுவும் பூச்சியும் தின்னும் குருவிக்கு மருந்து நஞ்சு. அதைத் தெளித்த முதுகு யாருடையது? களைநாசினி கிளைபோசேற்றை 2015ல் தடை செய்தார்கள். தேயிலையும் இறப்பரும் கேட்டன என்று 2018ல் அந்த இரண்டுக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் சரிவில் இறங்கியவன் எங்கள் மாமன். மேலே காட்டுக்குப் போன காற்றில் குருவிக்கு என்ன போனதோ, அதற்கு முன்னால் அவன் நுரையீரலுக்குப் போய்விட்டது.

இன்னொன்று. இதைச் சொல்லும்போது எனக்கே பேச்சு தடுமாறும். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்களை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டுச் சனத்தைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்து வாசலில் கடவுச்சீட்டுக்குக் காத்துக் கிடந்தார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதில் ஏறிப்போனவர்களில் பலரை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? நீலகிரியில். 1968ல் தமிழ்நாடு அரசு வனத்துறை நிலத்தில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டேன்டீ. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் சோலைக்காட்டின் ஓரத்தில் எங்கள் சித்தப்பன்மார் கையில் திரும்பவும் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அந்த மலைகளிலும் நிலத்தோடு நிலமாகத் திரியும் ஒரு சின்னப் பறவை உண்டு, நீலகிரிச் சோலைக்கிளி. இன்றைக்கு அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2022ல் டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். பறவைக்கு நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற கிழவனையும் கிழவியையும் குடியிருப்பை விட்டு எழும்பு என்றால் எந்தக் கோச்சியில் ஏறி எங்கே போவது? இங்கே "கள்ளத்தோணி", அங்கே "ஆக்கிரமிப்பாளன்". இரண்டு நாட்டிலும் காட்டின் கணக்கை எங்கள் தலையில்தான் எழுதி முடித்திருக்கிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலை சரிந்து வீடுகளை மூடியது. ஏன் அபாயமான சரிவில் குடியிருந்தீர்கள் என்று தொலைக்காட்சியில் ஒரு கேள்வி. குடியிருந்தோமா? இருத்தினார்கள். கோப்பிக்காக மொட்டையடித்த சரிவில், தோட்டத்துக்குப் பிரயோசனமில்லாத இடமாகப் பார்த்து லயம் கட்டினார்கள். நல்ல நிலத்தில் தேயிலை நின்றது, பங்களா நின்றது.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். காட்டைத் திற என்று நான் கேட்கவில்லை. நக்கில்ஸின் முடியில் ஒரு செடியும் போகக்கூடாது. அந்தக் குருவிக்கு இறங்கிப்போக வேறு இடமே கிடையாது. கீழே தேயிலை, மேலே ஆகாயம். அதனால் லயத்துக்கு அடுப்பு கொடுங்கள், எரிவாயு விலைக்கு ஈடான கூலி கொடுங்கள், இல்லையென்றால் தொழிற்சாலைக்கு நட்ட விறகுத் தோட்டத்தில் எங்களுக்கும் பங்கு வையுங்கள். ஏழு பேர்ச் நிலம் தருகிறோம் என்று மேடைக்கு மேடை சொன்னதைச் சரிவில்லாத இடத்தில், உறுதியோடு தாருங்கள். 1840ல் உறுதி இல்லை என்றுதானே எல்லாவற்றையும் எடுத்தீர்கள்? குருவிக்கு எதிரி யார் என்று அடுத்த முறை எழுதும்போது ஐந்து ஷில்லிங்கையும் எழுதுங்கள், ஏலக் குத்தகையையும் எழுதுங்கள், தொழிற்சாலை அடுப்பையும் எழுதுங்கள். எழுதிவிட்டு, இடமிருந்தால் கீழே அம்மாயியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். பெரிய கமராவோடு வெளிநாட்டார் வரும்போது அந்தக் குருவி எந்தப் புதரில், எத்தனை மணிக்குக் குரல் கொடுக்கும் என்று காட்டித் தருவது பல நேரம் லயத்துப் பொடியன்தான். கையில் ஐந்நூறோ ஆயிரமோ வைத்துவிட்டு வாகனம் போய்விடும். அவனுக்குக் காட்டைக் காக்கும் வேலை கொடுங்கள். நாட்கூலிக்கு வேண்டாம், நியமனக் கடிதத்தோடு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்துவிட்டுக் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் எந்தக் கந்தோரில் கிடைக்கும், தமிழில் நிரப்பினால் வாங்குவார்களா, அதை மட்டும் சொல்லுங்கள்.